மேனுவல் என்றால் கையேடு, ஆனால் எல்லா இடத்திலும் அல்ல

மேனுவல்: ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பராமரிப்பது, மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று சொல்லும் புத்தகம். ஒரே ஒரு தாளாக இருந்தாலும் அந்தப் பெயர்தான். தமிழில் கையேடு.

மூலம் லத்தீன். ‘மானுஸ்’ என்றால் கை. ‘மானுவாலிஸ்’ என்றால் கைக்குரியது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் பாதிரியார் சடங்கு செய்யும்போது கையில் வைத்திருந்த சிறு வழிபாட்டுப் புத்தகத்துக்கும் இந்தப் பெயர் இருந்தது. கிரேக்கர்கள் கையேட்டை ‘என்கெய்ரிடியோன்’ என்றார்கள், கைக்குள் இருப்பது என்ற பொருளில். அதே சொல் குறுவாளையும் குறித்தது என்பது கூடுதல் சுவாரசியம். தமிழில் கை, ஏடு இரண்டும் சேர்ந்தது கையேடு. ஏடு என்பது ஓலைச்சுவடியின் ஓர் இதழ். நாளேடு, பதிவேடு, குறிப்பேடு எல்லாம் அதிலிருந்து வந்தவை. மலாயில் ‘புக்கு பாண்டுவான்’ என்பார்கள். அதில் கை இல்லை, வழிதான் இருக்கிறது. அதனால் அது நம் ‘வழிகாட்டி’க்குப் பக்கத்தில் நிற்கும் சொல்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் இந்த மேனுவல் இரண்டு வேலை பார்க்கிறது. கடையில் கேட்டால் புத்தகம். பட்டறையில் “மேனுவல் காடியா, ஆட்டோவா?” என்று கேட்டால் கியர் (காடி என்றால் இங்கே கார்). இரண்டாவது இடத்தில் கையேடு என்று எழுதவே கூடாது. அங்கே பொருந்துவது ‘கைமுறை’, பேச்சில் ‘கியர் காடி’ போதும். இது தெரியாத மொழிபெயர்ப்பு மென்பொருளை நம்பி அச்சடித்தால் ‘மேனுவல் டிரான்ஸ்மிஷன்’ என்பது ‘கையேடு பரிமாற்றம்’ என்று வந்து நிற்கும். தண்ணீர் பம்புக்கு ‘கையேட்டில் வைக்கவும்’ என்று வந்தால் வாங்கியவர் பம்பைத் தூக்கிப் புத்தகத்தின் மேல் வைப்பதா? ‘கைமுறை இயக்கத்துக்கு மாற்றவும்’ என்பதுதான் சொல்ல வந்தது.

ரப்பர் தோட்டத்துக்குக் கையேடு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. தோட்ட நிர்வாகியான துரை எழுத்தரான கிராணியிடம் சொல்வார், கிராணி மேற்பார்வையாளரான மண்டோரிடம் சொல்வார், மண்டோர் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஆளுக்கு ஆள் சொல்லிவிடுவார். பால்மரம் வெட்டப் பழகுகிறவர் பழகிய கைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தே பழகினார். பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பதை யாரும் எழுதிக் கொடுத்து அவர் படிக்கவில்லை. வாயாலும் கையாலும் நடந்த தொழில் அது. டவுனில் கடை போட்டவருக்கு அந்த வசதி கிடையாது. பொருள் கடையை விட்டுப் போனபின் அதன் பக்கத்தில் மண்டோர் யாரும் நிற்கப்போவதில்லை.

புல் வெட்டும் மிசின் விற்கும் கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். டூ-ஸ்ட்ரோக் இயந்திரம், பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். பெட்டியில் வரும் மேனுவலில் ‘50:1 விகிதத்தில் எரிபொருட்கலவையைத் தயாரித்து உபயோகிக்கப்பட வேண்டும்’ என்று இருக்கிறது. மறுநாள் போன் வருகிறது.

“அண்ணே, நேத்து வாங்கின மிசின் நின்னு போச்சு.”

“எண்ணெய் கலந்தீங்களா?”

“கலந்தேண்ணே, கொஞ்சம்.”

அந்தக் ‘கொஞ்சம்’தான் வம்பு. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். அதிகமானால் புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். அப்புறம் வாரண்டி சண்டை: இயந்திரத்தின் கோளாறா, வாங்கியவரின் கோளாறா? உண்மையில் கோளாறு அந்த வாக்கியத்தில். அதையே இப்படி எழுதலாம்: ‘கலவைப் போத்தலில் 1 லிட்டர் கோடு வரை பெட்ரோல் ஊற்றுங்கள். 20 மில்லி டூ-டி எண்ணெய் (டூ-ஸ்ட்ரோக் இயந்திர எண்ணெய்) சேருங்கள். மூடிக் குலுக்குங்கள். பிறகு டாங்கியில் ஊற்றுங்கள்.’ வேறு மிசினுக்கு விகிதம் 25:1 என்றால் 20 என்பது 40 ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்தில் ஒரு படம் போட்டால் எந்த மொழியும் வாசிக்காதவருக்கும் புரியும். இன்று தோட்ட வேலையில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள், படம் அவர்களுக்கும் பேசும்.

இதில் வியாபாரம் எங்கே வளர்கிறது? முதலாளி போனில் செலவழிக்கும் அரை மணி மிச்சம். அவர் இல்லாதபோதும் கல்லாவில் இருக்கும் பையன் அதே பதிலைச் சொல்வான். பக்கத்து லிந்தாங்கில் இருப்பவருக்கு விற்ற மிசினை, நேரில் போய் விளக்க முடியாத தூரத்து ஜொகூர் மாநிலக் குளுவாங்காரருக்கும் தைரியமாகத் தபாலில் அனுப்பலாம். விளம்பரப் பதாகைக்குத் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, கையேட்டை மட்டும் மங்கலான நகலாகக் கொடுக்கிறவர்களின் கணக்கு எனக்கு விளங்குவதே இல்லை.

உலக அளவிலும் இதற்கு விதி உண்டு. ஐஈசி 82079-1 என்ற பன்னாட்டுத் தரம், 2019-இல் திருத்தி வெளியிடப்பட்டது, பயன்பாட்டுத் தகவலைப் பொருளின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறது. ஐரோப்பாவில் இயந்திரம் விற்க வேண்டுமானால் வாங்கும் நாட்டின் அதிகாரபூர்வ மொழியில் செயல்முறைக் குறிப்பு இருந்தாக வேண்டும். ஈப்போவில் செய்த இயந்திரமாக இருந்தாலும் சரி. விமானத் துறை இன்னும் கறார். அங்கே பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே எளிமைப்படுத்திய ஆங்கிலம் ஒன்றை 1980-களில் உருவாக்கினார்கள். அனுமதித்த பொதுச் சொற்கள் ஏறத்தாழ 900. கூடுமானவரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. தமிழில் எழுதும்போதும் ஒரு பாகத்தை முதல் பக்கத்தில் ‘மூடி’ என்றும் மூன்றாம் பக்கத்தில் ‘அடைப்பான்’ என்றும் எழுதாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கூட்டுச்சொற்கள்: யூசர் மேனுவல் பயனர் கையேடு. சர்வீஸ் மேனுவல் பழுதுபார்ப்புக் கையேடு. இது பட்டறைக்காரருக்கு, வாங்கியவருக்கு அல்ல. அளவு, எடை, திறன் மட்டும் சொல்லும் ஒற்றைத்தாள் கையேடு ஆகாது, அது விவரத்தாள். 2020 மார்ச்சில் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபிறகு நாடே உச்சரித்த எஸ்.ஓ.பி. இன்னொரு வகை. அது ஒரு வேலையை எல்லாரும் ஒரே மாதிரி செய்வதற்கான வரிசை. ‘நடைமுறை விதி’ என்று எழுதினால் புரியும்.