கிளாரினெட் கீச்சும் சிலந்திப் பட்டும்

கிளாரினெட் பழகத் தொடங்கினால் முதல் மாதம் முழுக்கக் கீச்சொலிதான் வரும். ஜான் கார்ட்டர் அந்தக் கீச்சையே பழக்கி மேடையேற்றியவர். 1929இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்த ஜாஸ் கலைஞர். பிழைப்புக்குப் பள்ளிகளில் இசை சொல்லிக்கொடுத்தார். 1980களில் அவர் வெளியிட்ட ஐந்து இசைத்தட்டுகள், ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பின மக்கள் அமெரிக்காவுக்கு வந்த பாதையைச் சொல்பவை. அவற்றில் ஒன்றின் பெயர் 'கானாவின் கோட்டைகள்'. கப்பலேற்றும் வரை அடிமைகளை அடைத்து வைத்த கடற்கரைக் கோட்டைகள் அவை.

சரி, கீச்சு எங்கிருந்து வருகிறது?

கிளாரினெட்டும் புல்லாங்குழலும் ஏறத்தாழ ஒரே நீளம், 66 செ.மீ. மேற்கத்தியப் புல்லாங்குழலின் அடிச் சுரம் 262 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 262 அதிர்வுகள்) என்றால், கிளாரினெட் 147 வரை இறங்கும். காரணம், வாயில் இருக்கும் நாணல் தகடு குழலின் ஒரு முனையை அடைத்த மாதிரி வேலை செய்கிறது. அப்படிப்பட்ட குழலில் அடி அதிர்வின் 1, 3, 5 என்று ஒற்றைப்படை மடங்குகளே வலுவாக ஒலிக்கும். அதனால் சுரத்தை உயர்த்தும் கட்டைவிரல் சாவியை அழுத்தினால் சுரம் மேல் சட்ஜத்துக்குப் போகாது. அதையும் தாண்டிப் பஞ்சமத்தில் போய் உட்காரும்.

இன்னும் மேலே போகப் போகக் குழலின் பிடி தளர்கிறது. அங்கே நாணல் தகடு தன்னிஷ்டத்துக்கு ஓர் ஒலியைப் பிடித்துக்கொண்டால் அதுதான் கீச்சு. ஆனால் குழல் விட்ட பிடியை வாய் எடுத்துக்கொள்ள முடியும். தேர்ந்த வாசிப்பாளர்கள் உயர் சுரங்களில் நாக்கையும் தொண்டையையும் மாற்றி, வாய்க்குள் இருக்கும் காற்றின் ஒத்ததிர்வைச் சுரத்துக்குச் சேர்க்கிறார்கள் என்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அளந்து காட்டினார்கள். சாவிகளுக்கு இடைப்பட்ட சுரங்களில் வழுக்கிப் போவதும் இப்படித்தான். கார்ட்டரின் உச்சத்தை முதலில் கேட்டபோது ஏதோ பறவை என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் உறுமல். 440 ஹெர்ட்ஸ் சுரத்தை ஊதிக்கொண்டே தொண்டையில் 330 ஹெர்ட்ஸை முனகிப் பாருங்கள். தகடு வெறுமனே அசையும் தகடல்ல, காற்றைத் திறந்து மூடும் கதவு. அதனால் இரண்டையும் கலந்துவிடும். யாருமே எழுப்பாத 770ம் 110ம் சேர்ந்து கேட்கும். மேற்கத்தியச் செவ்வியல் பாடத்தில் இது குறை. ஜாஸில் இதற்குத்தான் கைதட்டல்.

மேற்கு ஆப்பிரிக்கக் காதுக்கும் இந்தக் கரகரப்பு அந்நியமல்ல. வடக்கு கானாவின் டகாரா மக்களுடைய ஜீல் என்ற மரப்பலகை வாத்தியத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். குடுக்கையில் துளையிட்டு, சிலந்தி முட்டைப் பையின் பட்டுச் சவ்வை அதன்மேல் ஒட்டுவார்கள். பலகையைத் தட்டியதும் அந்தச் சவ்வு படபடத்து, சுரத்தோடு ஒரு ரீங்காரத்தையும் சேர்க்கும். சிலந்திப் பட்டு கிடைக்காத இடத்தில் மெல்லிய காகிதமோ பிளாஸ்டிக்கோ ஒட்டுகிறார்கள். ரீங்காரத்தை மட்டும் விட்டுவிடுவதில்லை.