வயிற்றுக்குள் ஒரு தண்ணீர் மெத்தை

"எண்டோஸ்கோப்பி குழாய்க்குள்ளேயே கத்தியை விட்டு இரைப்பைப் புற்றை அறுத்து எடுக்கிறார்களாமே, வயிறு ஓட்டையாகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான பயம். இரைப்பைச் சுவரின் மொத்தத் தடிமனே சில மில்லிமீட்டர்தான்.

ஆனால் அந்தச் சில மில்லிமீட்டருக்குள் அடுக்குகள் இருக்கின்றன. உள்பக்கம் சளிப்படலம், வெளிப்பக்கம் தசை, இரண்டுக்கும் நடுவே தளர்வான ஓர் இணைப்பு அடுக்கு. கறிக்கடையில் ஆடு உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் கீறலுக்குத்தான் கத்தி, அப்புறம் தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை விட்டுத் தள்ளத் தள்ள, வெள்ளையாய் நூல்நூலாய் ஒரு சவ்வு பிரிந்துகொண்டே போகும். இரைப்பையின் நடு அடுக்கும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். ஆரம்பநிலைப் புற்று பெரும்பாலும் சளிப்படலத்திலேயே இருக்கும், கீழே இறங்கியிருந்தாலும் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் இந்த முறைக்கு இன்னும் வாய்ப்புண்டு. அதனால் நடு அடுக்கோடு உரித்தால் போதும், தசையைத் தொட வேண்டியதில்லை.

சிக்கல், அந்த நடு அடுக்கு ரொம்ப மெல்லியது. அதனால் அதை உப்ப வைக்கிறார்கள். குழாய் வழியே ஊசியை விட்டு நடு அடுக்கில் திரவத்தைச் செலுத்தினால், புற்று இருக்கும் இடம் தீக்கொப்புளம் மாதிரி மேலெழும்பி வரும். சாதாரண சலைன் போட்டால் கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கம் பரவி மெத்தை அமுங்கிவிடும், வேலையோ சில சமயம் மணிக்கணக்கில் நீளும். இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார்: ஹையலுரானிக் அமிலம். 1934-இல் கார்ல் மேயர் என்ற உயிர்வேதியியலாளர் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் மூட்டுகளுக்குள் வழவழப்பாக இருப்பதும் இதுதான், இன்று முகத்துக்குப் பூசும் சீரம் பாட்டிலில் விற்பதும் இதுதான். ஆயிரக்கணக்கான சர்க்கரைத் துண்டுகள் கோத்த நீளமான சங்கிலி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு லேசில் விடாது. அது கலந்த திரவம் நகராமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதில் துளி நீலச் சாயமும் சேர்ப்பார்கள். அவுரி நீலத்தின் உறவுக்காரச் சாயம் அது. நீலம் தெரிகிறவரை அறுக்கலாம், வெள்ளையாய்த் தசைநார் தெரிந்தால் கையை நிறுத்த வேண்டும்.

இதே மெத்தை ஒரு சோதனையும்கூட. திரவம் போட்டும் சுற்றுப்புறம் மட்டும் எழும்பி, நடுவில் கட்டி எழாமல் குழியாகவே நின்றால், புற்று கீழே வேரூன்றிவிட்டதோ என்று சந்தேகிப்பார்கள். பழைய தழும்பு இருந்தாலும் அப்படி ஆகும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை.

மின்சாரத்தால் சூடாகி அறுக்கும் இந்தக் கத்திகளில் ஒன்று டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் 1990களில் உருவானது. ஊசி போன்ற கத்தியின் முனையில் ஒரு குட்டிப் பீங்கான் உருண்டையை மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். முனை குத்தாது, பக்கவாட்டில் மட்டும் அறுக்கும். அதற்கு முன்பு கம்பிச் சுருக்குப் போட்டு இழுத்து அறுத்தபோது, பெரிய கட்டி துண்டுதுண்டாகத்தான் வரும். துண்டாக வந்தால் விளிம்பில் புற்று மிச்சமா இல்லையா என்று எப்படிச் சொல்வது? இப்போது முழுசாக எடுத்து, தக்கைப் பலகையில் ஊசி குத்தி விரித்து, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஆழம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால், பிறகு அறுவை சிகிச்சை. ஜப்பானில் இரைப்பைக்கு 2006-இல் இது அரசு காப்பீட்டுக்குள் வந்துவிட்டது.

அங்கே இது வளர்ந்ததற்குக் காரணம் கைத்திறன் மட்டுமில்லை. பல பத்தாண்டுகளாக நோயில்லாதவர்களையும் கூப்பிட்டு வயிற்றைப் பரிசோதித்ததால்தான் இவ்வளவு சின்னப் புற்றுகள் கண்ணில் பட்டன. நம் ஊரிலோ மாசக்கணக்கில் நெஞ்செரிச்சல் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி முழுங்குவோம். கடைசியில் டாக்டர் கட்டி என்று சொன்னதும் "கத்தி பட்டால் பரவிடும்" என்று ஒரு சித்தப்பா கிளம்பி வருவார். கத்தி படாமல் காத்திருந்த காலத்தில்தான் அது பரவுகிறது என்பதை அவரிடம் சொல்லி ஜெயித்தவர் யாரும் இல்லை.

சரி, ஓட்டையாகுமா? சில சமயம் ஆகும். பெரும்பாலும் அதே குழாய் வழியே சின்ன உலோகக் கிளிப்புகளை இறக்கி, துணிக்கு கிளிப் போடுகிற மாதிரி வரிசையாகக் கவ்வி மூடிவிடுவார்கள். புண் ஆறினதும் அந்தக் கிளிப்புகள் தானாகவே கழன்று மலத்தோடு போய்விடும்.