பாலக்காட்டுக் காற்றும் பாம்புச் சட்டையும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்கழி பிறந்தால் என் கால்நடை மருத்துவமனைக்கு இரண்டு வகை நோயாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஒன்று, காம்பு வெடித்த கறவை மாடுகள். மற்றொன்று, எண்ணிக்கையில் மிகக் குறைவு என்றாலும், சட்டை உரிக்க முடியாமல் தவிக்கும் வளர்ப்புப் பாம்புகள். இரண்டுக்கும் காரணம் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, மாசி வரை பனையோலையைச் சலசலக்க வைக்கும் வறண்ட காற்றுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சியில் கல்லூரி படிக்கும் ஒரு தம்பி, தன் பாட்டியுடன் வந்தான். துணிப்பைக்குள் ஐந்து மாத பால் பைத்தான். வரிசையில் மாட்டுடன் நின்றிருந்த பெரியவர் பெயரைக் கேட்டுவிட்டு, “பாம்பு பால் குடிக்கும் என்பார்கள், இது கறக்கவும் கறக்குமா டாக்டர்?” என்றார். பந்து போலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர், மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பாம்பின் உடலெங்கும் பழைய தோல் கிழிந்த காகிதம் போலத் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. வால் நுனியில் ஒரு வளையம் இறுகியிருந்தது. வலது கண் மங்கிச் சுருக்கம் விழுந்திருந்தது. மேலெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசம். “நான்தான் தடவினேன். பிள்ளைக்குத் தோல் உரிந்தால் தடவ மாட்டோமா?” என்றார் பாட்டி. எண்ணெய் தோலுக்குள் ஈரத்தைக் கொண்டுபோகாது, படுக்கைத் தூசியைத்தான் ஒட்டவைக்கும். ஆனாலும் அந்தப் பாட்டி ஒரு பெரிய நன்மை செய்திருந்தார். காணொளி பார்த்துவிட்டுப் பேரன் கண்ணில் இருந்த தோலை இடுக்கியால் எடுக்கப் போனபோது, கையில் ஒன்று வைத்துத் தடுத்துவிட்டார்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். சட்டை உரியும்போது அதன் மேலடுக்கும் கூடவே கழன்று வரும். வராவிட்டால் நாம் இழுக்கக் கூடாது. கீழே இருக்கும் புதுச் செதிலும் சேர்ந்து பிய்ந்தால் கண்ணே போய்விடும். அப்படி ஒரு பாம்பின் கண் என் மேசையில் போனது. அதன் சொந்தக்காரரும் நல்லவர்தான், அவசரக்காரர், அவ்வளவுதான்.

குட்டிப் பாம்பு வேகமாக வளர்வதால் மாதம் அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை சட்டை மாற்றும். முதலில் நிறம் மங்கும், வயிறு லேசாகச் சிவக்கும். பிறகு கண் நீலம் பூத்துப் பால் படர்ந்ததுபோல் ஆகும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் சுரப்பதுதான் காரணம். சில நாள் கழித்துக் கண் தெளிந்துவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எல்லாம் முடிந்தது என்று எலியைப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் சட்டை கழல அதற்குப் பிறகும் மூன்று நாளோ, ஒரு வாரமோ ஆகும். கண் மங்கியது முதல் சட்டை முழுதாக விழும்வரை தீனி வேண்டாம், தூக்கவும் வேண்டாம். கண் தெரியாத குட்டிக்கு நம் விரலும் பகைதான்.

தம்பியின் கூண்டைப் படத்தில் பார்த்தேன். குளிருக்காக அறுபது வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. குளிர் போனது, கூடவே காற்றில் இருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் போனது. ஈரப்பதமானி இருக்கிறதா என்று கேட்டேன். விற்ற கடையில் அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையாம். இந்தப் பாம்புக்குச் சாதாரண நாளிலேயே அறுபது சதவீதம் வேண்டும், சட்டை உரிக்கும் நாட்களில் எழுபதுக்கு மேல். அவன் வாங்கி வைத்துப் பார்த்தபோது முப்பத்தைந்து காட்டியது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. பாம்பு சுருண்டு படுக்கும் அளவுக்கு மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்து, பக்கத்தில் வாசல் வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். உள்ளே ஈரத் தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் அதற்கா பஞ்சம்? உப்பு போக நாலைந்து முறை அலசிப் பிழிந்து போடுங்கள், கையில் அழுத்தினால் நீர் சொட்டக் கூடாது. கூண்டுக்குள் ஒரு சொரசொரப்பான கல்லோ கட்டையோ இருக்கட்டும். மூக்கை அதில் உரசித்தான் பாம்பு உரிக்கத் தொடங்கும். ஆடி மழையில் இதே டப்பாவை வெளியே எடுத்துவிட வேண்டும். அப்போது ஈரம் மிஞ்சி வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும்.

ஒட்டிய தோலுக்கு, இளஞ்சூடு கூட இல்லாத, முப்பது டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், தலை முழுகாத ஆழத்தில், இருபது நிமிடம் விட்டேன். பிறகு ஈரத்துண்டின் மடிப்புக்குள் அதுவாக ஊர்ந்துபோக விட்டேன். முக்கால்வாசி அதிலேயே வந்துவிட்டது. வால் வளையத்தை விடவே கூடாது. ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும். ஊறவைத்து, ஈரப் பஞ்சால் உருட்டி எடுத்தேன். கண்ணைத் தொடவில்லை, அடுத்த உரிப்புவரை பொறுக்கச் சொன்னேன். ஈரம் சரியாக இருந்தும் சட்டை மறுபடி துண்டுதுண்டாக வந்தால், கண்ணோரம் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

என்னிடம் வருகிறவர்களை நான் கேட்கும் இன்னொரு கேள்வி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாயிற்றா என்பது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் பால் பைத்தான் வளர்ப்பவர்களைப் பதியச் சொல்கின்றன. நம் சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வளர்ப்பது 1972-இல் வந்த அதே சட்டப்படி குற்றம்.

ஒன்றரை மாதம் கழித்துத் தம்பி மட்டும் வந்தான், சாப்பாட்டு டப்பாவுடன். உரித்த சட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மேசையில் விரித்தோம். காலுறையைக் கழற்றியதுபோல் ஒரே துண்டு, பாம்பைவிட நீளம். இழுபட்டு வருவதால் எப்போதும் அப்படித்தான் இருக்கும். பழந்தமிழ்ப் புலவர்கள் மெல்லிய ஆடைக்குப் பாம்புரியை உவமை சொன்னது வீணில்லை. வால் நுனி இருந்தது. தலைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தேன். இடது கண் செதில் தெரிந்தது. வலப்பக்கம் அடுக்கு இரண்டாக, சற்றுத் தடித்து இருந்தது. பழையதும் சேர்ந்து வந்திருந்தது.

“பாட்டி இதில் ஒரு துண்டு கேட்டார்கள் டாக்டர், பீரோவில் வைக்க” என்றான். பார்த்து முடித்துவிட்டேன், முழுவதையும் கொடுத்துவிடு என்றேன்.