அட்டவணை போடாமல் தர்க்கம்

பிளஸ் டூ கணக்கில் கூட்டுக் கூற்று, அதாவது தனிக்கூற்றுகளை 'ஆல்', 'அல்லது' போன்றவற்றால் இணைத்த கூற்று, வந்ததுமே மெய்மை அட்டவணை போடச் சொல்லித் தருகிறார்கள். ஒவ்வொரு தனிக்கூற்றும் உண்மையானால், பொய்யானால் என்று எல்லா வாய்ப்புகளையும் வரிசை வரிசையாக எழுதிப் பார்ப்பதுதான் அது. நம்பகமான வழிதான். ஆனால் தனிக்கூற்று ஒவ்வொன்று கூடும்போதும் வரிசைகள் இரட்டிப்பாகும். நான்கு கூற்றுக்கு 16, பத்துக்கு 1,024, இருபதுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முடிவு சரி என்று அட்டவணை காட்டும். ஏன் சரி என்று காட்டாது.

தி.நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்வோம். நான்கு செய்திகள் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமழை பெய்தால் பாதையில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் பாதையை மூடுவார்கள். இன்று கனமழை பெய்தது, அல்லது மின்சார ரயில் ஓடவில்லை. பாதை திறந்திருக்கிறது. அப்படியானால் ரயில் ஓடவில்லை என்று உறுதியாகச் சொல்லலாமா?

எங்கே தொடங்குகிறோம் என்பதுதான் முக்கியம். மழையில் தொடங்கினால் நகரவே முடியாது. பெய்ததா என்றே தெரியாதே. 'ஆல்', 'அல்லது' எதுவும் ஒட்டாமல் தனியே நிற்பது கடைசிக் கூற்று மட்டும்தான். அதைப் பிடித்துப் பின்னோக்கி வருவோம். பாதை திறந்திருக்கிறது, ஆகவே தண்ணீர் நிற்கவில்லை. தண்ணீர் நிற்கவில்லை, ஆகவே கனமழை இல்லை. கனமழை இல்லாததால் 'அல்லது'வில் மிஞ்சுவது ஒன்றே: ரயில் ஓடவில்லை. 16 வரிசைகள் செய்யும் வேலை மூன்றே அடியில் முடிந்தது.

நிறையப் பேர் இடறுவது இங்கேதான்: பாதை மூடியிருக்கிறது, அதனால் மழை பெய்திருக்கும் என்பார்கள். பராமரிப்புக்காகவும் மூடலாமே! 'இது நடந்தால் அது நடக்கும்' என்ற நிபந்தனைக் கூற்றில் முன்னோக்கிப் போக முன்பகுதி உண்மையாக இருக்க வேண்டும். பின்னோக்கி வரப் பின்பகுதி பொய்யாக இருக்க வேண்டும். வேறு எந்தத் திசையிலும் போக அனுமதி இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்த வழி, முடிவை மறுத்துவிட்டுத் தொடங்குவது. ரயில் ஓடியது என்று வைத்துக்கொண்டால் கனமழை பெய்திருக்க வேண்டும், தண்ணீர் நின்றிருக்க வேண்டும், பாதை மூடியிருக்க வேண்டும். ஆனால் திறந்திருக்கிறது. முரண்பாடு, ஆகவே மறுப்பு செல்லாது. நான்காம் செய்தியை எடுத்துவிட்டு இதையே செய்து பாருங்கள். முரண்பாடு வராது. நீங்கள் வந்து நிற்கும் நிலைமையே, அதாவது மழை, தண்ணீர், மூடிய பாதை, ஓடும் ரயில் என்பதே, முடிவு தவறக்கூடும் என்பதற்கு எதிர்க்காட்டு. ஒரே முயற்சியில் நிரூபணமோ எதிர்க்காட்டோ, ஏதாவது ஒன்று கைக்கு வந்துவிடும்.

முடிவே கூட்டுக் கூற்றாக இருந்தால் மறுக்கும்போது கவனம் வேண்டும். 'மழையும் உண்டு, ரயிலும் உண்டு' என்பதை மறுத்தால் 'மழை இல்லை அல்லது ரயில் இல்லை' என்றாகும். இரண்டுமே இல்லை என்றாகாது. இந்த விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-ல் நம் மதுரையில் பிறந்தவர்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 'அல்லது' பெருகினால் ஒவ்வொன்றிலும் பாதை இரண்டாகக் கிளைக்கும். மோசமான கணக்குகளில் கிளைகள் அட்டவணை அளவுக்கே வளரும். எல்லாக் கூட்டுக் கூற்றுகளுக்கும் பொதுவான வேகமான வழி உண்டா? 1971-ல் கணினி அறிவியலாளர் ஸ்டீபன் குக்கின் ஆய்வுக் கட்டுரை கூர்மையாக்கிய அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் விடை காணவில்லை.