60 டெசிபெல்லை ஏன் மூன்றாக உடைக்கிறோம்?

ரேடியோ அலைவெண் கருவிகளைச் சோதிக்க, சுவிட்ச் வைத்த அட்டனுவேட்டர் (சிக்னலைத் தெரிந்த அளவுக்குக் குறைக்கும் கருவி) ஒன்றை வீட்டிலேயே செய்யத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எல்லா வரைபடத்திலும் 20, 20, 20 என்று மூன்று பிரிவு போட்டிருக்கிறார்கள். அதையே 60 டெசிபெல் பிரிவாக ஒரே சுவிட்சில் செய்தால் ஆறு ரெசிஸ்டரும் இரண்டு சுவிட்சும் மிச்சம்தானே?" காகிதத்தில் அவர் கணக்கு சரிதான். ஆனால் செய்து முடித்து 30 மெகாஹெர்ட்ஸில் அளந்தால் 46 டெசிபெல் பக்கம்தான் வரும். அந்த 14 டெசிபெல் எங்கே போனது என்பதில்தான் இந்தக் கருவியின் மொத்தச் சுவாரசியமும் இருக்கிறது.

முதலில் அடிப்படை, வேகமாக. நல்ல ரிசீவர் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவான சிக்னலைப் பிடிக்கும். சிக்னல் ஜெனரேட்டர் தரும் 1 மில்லிவாட், 50 ஓமில் 224 மில்லிவோல்ட். அதாவது இரண்டு லட்சம் மடங்குக்கு மேல். நடுவில் எதையாவது வைத்து, நமக்குத் தெரிந்த அளவுக்குத் துல்லியமாகக் குறைக்க வேண்டும். 20 டெசிபெல் என்றால் மின்னழுத்தம் பத்தில் ஒன்று, திறன் நூறில் ஒன்று. பிரிவுகளை வரிசையாக மாட்டினால் டெசிபெல்களைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

குறைத்தால் மட்டும் போதாது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அட்டனுவேட்டர் 50 ஓமாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சிக்னலில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பி அளவைக் கெடுக்கும். இரண்டையும் மூன்றே ரெசிஸ்டர் சாதிக்கின்றன. 20 டெசிபெல்லுக்கு, உள்முனையிலிருந்து கிரவுண்டுக்கு 61.1 ஓம், இரு முனைகளுக்கும் நடுவில் 247.5, வெளிமுனையிலிருந்து கிரவுண்டுக்கு மறுபடியும் 61.1. வெளியே 50 ஓம் சுமையை மாட்டுங்கள். 61.1-உம் 50-உம் பக்க இணைப்பில் 27.5 ஆகும். அதோடு நடு ரெசிஸ்டரைச் சேர்த்தால் 275. அதற்குப் பக்க இணைப்பில் முதல் 61.1 இருப்பதால் உள்முனையில் தெரிவது 50. 275-இல் 27.5 பத்தில் ஒன்று, ஆக 20 டெசிபெல். இப்போது சுமையைக் கழற்றிவிட்டால் உள்முனையில் 51 ஓம், வெளிமுனையை ஷார்ட் செய்தால் 49. அந்தப் பக்கம் என்ன கூத்து நடந்தாலும் இந்தப் பக்கம் கிட்டத்தட்ட 50தான்! 61.1 கடையில் கிடைக்காதே என்று கவலை வேண்டாம். 1 சதவீத வரிசையில் உள்ள 61.9, 249 போட்டாலும் 20 டெசிபெல் வரும். 50 என்பது 50.6 ஆகும், அவ்வளவே.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஆறு கால் டிபிடிடி (ஒரே தள்ளலில் இரண்டு இணைப்புகளை மாற்றும்) ஸ்லைடு சுவிட்ச் ஒன்று. ஒரு பக்கம் தள்ளினால் சிக்னல் ரெசிஸ்டர்கள் வழியாகப் போகும், மறுபக்கம் தள்ளினால் வெறும் கம்பி வழியாக. 1, 2, 3, 5, 10, 20, 20, 20 என்று எட்டுப் பிரிவு வைத்தால் 0 முதல் 81 வரை எந்த முழு எண்ணையும் பிடித்துவிடலாம்.

சரி, அந்த 14 டெசிபெல்லுக்கு வருவோம். சுவிட்சுக்குள் உள்முனைத் தகடும் வெளிமுனைத் தகடும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நடுவே பிளாஸ்டிக், கொஞ்சம் காற்று. இரண்டு உலோகம், இடையில் மின்கடத்தாப் பொருள் என்றால் அது மின்தேக்கிதான். நாம் வாங்கவில்லை, வரைபடத்திலும் கிடையாது. ஆனாலும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதை 1 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 30 மெகாஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு, அதாவது அந்த அலைவெண்ணில் அது காட்டும் தடை, சுமார் 5,300 ஓம். 60 டெசிபெல் பிரிவின் நடு ரெசிஸ்டரோ 25,000 ஓம். முன்வாசலில் அத்தனை கெடுபிடி வைத்துவிட்டுக் கொல்லைப்புறக் கதவை ஒருக்களித்து விட்ட கதைதான். சிக்னலின் பெரும்பகுதி ரெசிஸ்டரைத் தொடாமலேயே கடந்துவிடுகிறது. 145 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம்; மின்மறுப்பு 1,100 ஓமாக இறங்கி, 60 என்று பெயர் எழுதிய சுவிட்ச் 33தான் குறைக்கும்.

இதே 1 பிக்கோஃபாரட்டை 20 டெசிபெல் பிரிவில் வைத்துப் பாருங்கள். 247.5 ஓமுக்குப் பக்கத்தில் 5,300 ஓம் ஒரு பொருட்டே இல்லை. பிழை நூறில் ஒரு டெசிபெல். 145 மெகாஹெர்ட்ஸிலும் 0.2தான். காரணம், டெசிபெல் 20, 40, 60 என்று ஏறும்போது நடு ரெசிஸ்டர் சுமார் 250, 2,500, 25,000 என்று பத்துப் பத்து மடங்காக எகிறுகிறது. கசிவு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே கசிவோடு போட்டிபோட முடியாத அளவுக்கு எந்த ரெசிஸ்டரையும் வளரவிடுவதில்லை.

ஆனால் மூன்று பிரிவையும் திறந்த பலகையில் வரிசையாக வைத்தால் பிரித்த பலன் பாதி போய்விடும். முதல் பிரிவின் வாயிலிலிருந்து கடைசிப் பிரிவுக்குச் சிக்னல் காற்றிலேயே தாவும். அதனால்தான் செம்புத் தகடு ஒட்டிய பலகைத் துண்டுகளால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அறை கட்டி, இணைப்புக் கம்பிக்கு மட்டும் சின்னத் துளை விடுகிறார்கள். வழக்கமான பலகையில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். இவ்வளவு மெல்லிய தாள் எதைத் தடுக்கும் என்று தோன்றும். உயர் அலைவெண் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலோடு நின்றுவிடும். 30 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் 12 மைக்ரான் ஆழத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு அது தேய்ந்துவிடுகிறது. அலைவெண் ஏற ஏற அந்தத் தோல் இன்னும் மெலிகிறது. ஆக, சுவரைப் பற்றிக் கவலையில்லை. கசிவெல்லாம் மூலைகளிலும் மூடியின் விளிம்பிலும்தான். மூலைகளை அங்கங்கே புள்ளி வைத்தாற்போல் பற்றவைக்காமல், நீளம் முழுக்க சோல்டரை ஓட்டுங்கள்.

சின்ன டெசிபெல் பிரிவுகளில் தொல்லை நேர்மாறானது. 1 டெசிபெல்லின் நடு ரெசிஸ்டர் 5.8 ஓம்தான். ரெசிஸ்டரின் கால்களை மொத்தம் ஒரு சென்டிமீட்டர் விட்டுவைத்தால் சுமார் 10 நானோஹென்ரி மின்தூண்டல் சேர்கிறது; 145 மெகாஹெர்ட்ஸில் அது 9 ஓம். கால்களே ரெசிஸ்டரை விழுங்கிவிடும். கால் இல்லாத சிப் ரெசிஸ்டரே இங்கு உத்தமம்.

"ஆர்.எஃப். (ரேடியோ அலைவெண்) என்றாலே மாயவித்தை" என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலே பார்த்த ஒவ்வொரு குட்டிச்சாத்தானுக்கும் பிக்கோஃபாரட்டிலோ நானோஹென்ரியிலோ ஓர் எண் இருக்கிறது. இதை மாணவர்கள் கையால் தொட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. விலையுயர்ந்த அனலைசருக்குப் பணம் ஒதுக்குகிற ஆய்வகங்கள், திறந்து பார்க்கவும் கெடுத்துப் பார்க்கவும் ஒரு கை ரெசிஸ்டருக்கு ஒதுக்குவதில்லை.

சோதிக்க மல்டிமீட்டரில் தொடங்கலாம். வெளியே 50 ஓமை மாட்டி, எந்தச் சுவிட்சை எப்படித் தள்ளினாலும் உள்முனையில் 50 காட்டுகிறதா என்று பாருங்கள். ரெசிஸ்டர் மாறிப்போயிருந்தால் இதிலேயே தெரிந்துவிடும். ஆனால் நேர்மின்னோட்டத்தில் கசிவு தெரியாது. அதற்கு உயர் அலைவெண் சிக்னலை விட்டு, ஒரு 20-ஐ எடுத்துவிட்டு 10, 5, 3, 2 நான்கையும் போடுங்கள். ரிசீவரின் மீட்டர் அசையக் கூடாது. அசைந்தால் எங்கோ ஓர் ஓட்டை.

அப்புறம் ஒன்று. இந்தப் பெட்டிக்குள் டிரான்ஸ்மிட்டரை நேராக விடாதீர்கள். 20 டெசிபெல் பிரிவில் வரும் திறனில் 82 சதவீதத்தை முதல் 61.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றே வாங்கிக்கொள்கிறது. 5 வாட் வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினால், கால் வாட் தாங்கும் ரெசிஸ்டரில் 4 வாட் இறங்கும். டிரான்ஸ்மிட்டரை அளந்தே ஆக வேண்டுமென்றால், வாட் தாங்கக்கூடிய நிலையான அட்டனுவேட்டர் ஒன்றை முதலில் மாட்டி, அதற்குப் பின்னால் இதை வையுங்கள்.