மாலை போட்ட மூன்றாம் நாள்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தாய்மாமன் 15 ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டு, அன்றே குடியை நிறுத்தினார். மறுநாள் காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு, இல்லாத எறும்புகளை வேட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். விரதத்தில் தீட்டுப் பட்டுவிட்டது என்று உறவினர்கள் பாண்டி கோயிலுக்கு அழைத்துப் போனார்களாம். நல்ல காரியம் செய்தவருக்கு ஏன் இப்படி ஆனது என்று வாசகர் கேட்கிறார்.

குடி எப்படிப் பழக்கமாகிறது என்பதற்கான டோபமின் விளக்கத்தைப் பலரும் படித்திருப்பார்கள். 'இதை மறக்காதே, மறுபடியும் செய்' என்று மூளையில் குறித்துவைக்கும் அந்த வேதிப்பொருள், நாளடைவில் கடை திறக்கும் நேரம் நெருங்கினாலே சுரக்கத் தொடங்கிவிடும். குடிக்கும் ஏக்கத்தை விளக்க அது போதும். எறும்பின் கதை வேறு.

மூளையில் நரம்புச் செல்களைத் தூண்டிவிடும் வேதிப்பொருள் குளூட்டமேட், அடக்கிவைப்பது காபா. மாசி வீதியில் சித்திரைத் தேர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்கள் குளூட்டமேட் என்றால், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் காபா. மது உள்ளே வந்ததும் கட்டை போடுபவர்களின் கை பலப்படுகிறது, வடம் பிடிப்பவர்களின் பிடி தளர்கிறது. தேர் மந்தமாவதைத்தான் போதை என்கிறோம். மூளை இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தினமும் வெளியாள் ஒருவர் கட்டை போட வருகிறார் என்று தெரிந்ததும், தன் கட்டைக்காரர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வடத்துக்குக் கூடுதல் ஆள் சேர்க்கிறது. அதாவது, செல்களின் மேற்பரப்பில் காபாவை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் குறைந்து மந்தமாகின்றன; குளூட்டமேட்டை வாங்கிக்கொள்ளும் என்.எம்.டி.ஏ. என்ற வகை ஏற்பிகள் பெருகுகின்றன. குவார்ட்டர் ஏறவில்லை என்று ஆஃபுக்குப் போவதும், எவ்வளவு குடித்தாலும் ஆள் ஸ்டெடி என்று ஊர் வியப்பதும் பெரும்பாலும் இதனால்தான். யாரும் கட்டளையிடாமல் ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பைத் தானே திருத்திக்கொண்டு சமநிலைக்கு வரும் இந்த ஏற்பாடு, எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பிறகு ஒரு காலையில் வெளியாள் வருவதில்லை. கட்டை போட ஆளில்லை. வடத்திலோ இரட்டைக் கூட்டம். தேர் தறிகெட்டு ஓடுகிறது.

கடைசிக் குடி முடிந்த சுமார் 6 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். காலையில் ஒரு கட்டிங் போட்டதும் கை நின்றுவிடுவது, வெளியாள் திரும்பி வந்துவிட்டதால்தான். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குக் குழப்பமும் காய்ச்சலும் பொய்த்தோற்றங்களும் சேர்ந்த டெலிரியம் ட்ரெமென்ஸ் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரையே பறிக்கலாம். 1955இல் அமெரிக்காவில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், தண்டனையில் இருந்த கைதிகளை வாரக்கணக்கில் குடிக்கவைத்துத் திடீரென நிறுத்திப் பார்த்து, இதற்குக் காரணம் சத்துக்குறைவு அல்ல, குடியை நிறுத்தியதே என்று காட்டினார்கள். அப்படியொரு சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.

எனக்குச் சாமியோடு சண்டை இல்லை. மாலை போட வருபவரிடம் 'தினமும் எவ்வளவு?' என்று கேட்காத குருசாமிகள் மீதுதான் வருத்தம். டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. அதில் ஒரு கைப்பிடியை வட்ட மருத்துவமனைகளில் குடிநோயாளிகளுக்கான படுக்கைகளுக்கு ஒதுக்கச் சொல்வது பேராசை ஆகாது.

மருத்துவமனையில் தரும் குளோர்டயசிபாக்சைடு, லோராசிபாம் போன்ற மருந்துகள் அதே காபா ஏற்பியில்தான் வேலை செய்கின்றன. அவற்றை நாளுக்கு நாள் குறைத்து, வீட்டுக்கு அனுப்பிய ஆட்களை மூளை திரும்ப அழைக்க அவகாசம் தருகிறார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். நெடுநாள் குடித்தவர் உடலில் தயமின் வற்றியிருக்கும். மிச்சமிருப்பதும் குளுக்கோஸை எரிக்கச் செலவானால் நடையும் நினைவும் குலையக்கூடும். ஆகவே தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்பவர்கள், குடிப்பழக்கத்தை டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 108ஐ அழைப்பதுதான் ஒரே வழி.

மாமாவின் மாலையைக் கழற்றிவிட வேண்டுமா என்றும் வாசகர் கேட்டிருந்தார். வேண்டியதில்லை, கழுத்தில் மாலையோடே அவர் வார்டில் படுத்திருக்கலாம்.