அங்கன்வாடியில் கேட்டு வாங்க வேண்டிய, காசில்லாத ஒரு உரிமை

அங்கன்வாடி என்றதும் சத்து மாவு பாக்கெட், முட்டை, மதியச் சோறு, இவ்வளவுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மொத்தம் ஆறு சேவைகள் இருக்கின்றன. இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புவது, அப்புறம் ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி. இந்தக் கடைசி ஒன்றை யாரும் கேட்டு வாங்குவதில்லை, பல இடங்களில் யாரும் வலியக் கொடுப்பதும் இல்லை. மாவு வரவில்லை என்றால் சண்டை போடுகிறோம், அந்த மாவை எட்டு மாதக் குழந்தைக்கு எவ்வளவு கெட்டியாகக் காய்ச்ச வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லையே என்று சண்டை போட்டவர்களை நான் பார்த்ததில்லை.

யாருக்கு இது? கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 15 முதல் 45 வயது வரை உள்ள எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கல்வி உண்டு என்பதுதான் திட்டத்தின் விதி. வருமான வரம்பு கிடையாது. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம், அதாவது நம் ஊர் நர்சம்மாவிடம் பதிவதைப் போலவே அங்கன்வாடியிலும் பெயரைப் பதிந்துவிட வேண்டும்.

2018 மார்ச் 8-ல் ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் மத்திய அரசு போஷன் அபியான், அதாவது ஊட்டச்சத்து இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கியது. பெயர் நம் வாயில் சரியாக நுழையாது, ஆனால் அது முக்கியமாகச் செய்தது இந்தக் கல்விப் பகுதிக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்ததுதான். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் மாதம் இரண்டு முறை ஊரைக் கூட்டி நிகழ்ச்சி நடத்த வேண்டும்: வளைகாப்பு, ஆறு மாதக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது, இந்த மாதிரி. ஆண்டுதோறும் செப்டம்பரை ஒட்டி ஊட்டச்சத்து மாதம். தமிழ்நாட்டில் சமுதாய வளைகாப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான், வளையல், கலவை சாதம், மேடைப் பேச்சு, புகைப்படம். பேச்சு நீண்டு, கேள்வி கேட்க நேரமில்லாமல் போய்விடுகிறது என்பது என் வருத்தம்.

சரி, உண்மையில் என்ன சொல்லித் தர வேண்டும்? "சத்தாகச் சாப்பிடுங்கள்" என்பது கல்வி இல்லை, அது யாருக்கும் தெரியும். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், அதுவும் மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் கொடுப்பது. ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவும் வழக்கம் தென் மாவட்டங்களில் இன்னும் முழுக்கப் போகவில்லை; ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து என்பதைப் பாட்டிமார்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது அங்கன்வாடி டீச்சரின் வேலை.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு. இங்கேதான் நிறைய வீடுகள் சறுக்குகின்றன. கஞ்சியைத் தண்ணீர் போலக் கரைத்துக் கொடுக்கிறோம், குழந்தையின் வயிறு நிறைந்துவிடுகிறது, உடம்பில் ஒட்டுவதில்லை. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் 250 மில்லி கிண்ணத்தில் பாதி, ஒரு வயது தாண்டியதும் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. சத்து மாவைக் கஞ்சியாகவே காய்ச்ச வேண்டும் என்பதும் இல்லை, கொழுக்கட்டை, புட்டு, அடை எதுவும் செய்யலாம். அதை மாட்டுக்குக் கரைத்து ஊற்றும் வீடுகள் இருப்பது ஊரறிந்த ரகசியம், அதற்குப் பாதிக் காரணம் அதை வாய்க்கு ருசியாக எப்படிச் செய்வது என்று யாரும் காட்டாததுதான்.

கர்ப்பிணிகளுக்கான பாடம் இன்னும் எளிது: இரும்புச்சத்து மாத்திரை கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள். அதை டீ, காபியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தது. மாத்திரையே இல்லாத ஊர் அல்ல இது, மாத்திரை அலமாரியில் அப்படியே இருக்கும் ஊர்.

வெறும் பேச்சு போதாது என்பதை நாம் எப்போதோ பார்த்துவிட்டோம். 1980-ல் உலக வங்கிக் கடனில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சில மாதம் கூடுதல் உணவு, அதன் தாயிடம் தனியாக உட்கார்ந்து பேச்சு. மாதாமாதம் எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் கோடு ஏறாமல் படுத்துக் கிடப்பதைத் தன் கண்ணால் பார்க்கும் அம்மாவுக்கு அந்தப் பேச்சு அவள் பிள்ளையைப் பற்றியது, பொதுப் பிரசங்கம் இல்லை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு அந்தப் பகுதிகளில் நன்றாகவே குறைந்தது.

2022-ல் தொடங்கிய "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்திலும் இதே யோசனை கொஞ்சம் இருக்கிறது. குழந்தைகளை எடை போட்டு, உயரம் அளந்து, கடுமையாக மெலிந்த ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு நெய், பேரீச்சை, சத்து மாவு எல்லாம் அடங்கிய பெட்டகம் தருகிறார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான் என்பதால் பெட்டகம் தாய்க்கு, இதை விளக்காமல் கையில் கொடுத்தால் அது வீட்டில் எல்லோருக்குமான நெய்யாகிவிடும்.

என் குறை ஒன்று உண்டு. எல்லாப் பேச்சும் அந்தப் பெண்ணைப் பார்த்தே நடக்கிறது. வீட்டில் என்ன சமைப்பது, யாருக்கு முட்டை, பத்தியம் எத்தனை நாள் என்று முடிவு செய்வது பெரும்பாலும் மாமியார், காசு கொடுப்பது கணவர். அவர்களைக் கூட்டத்துக்கு அழைக்காமல் மருமகளிடம் மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டுக்குப் போய் அவள்தான் திட்டு வாங்குவாள். நிகழ்ச்சிக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தடை ஏதும் கிடையாது.

அடுத்த முறை எடை போடும் நாளில் மூன்று கேள்விகள் போதும்: கோடு போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா, ஏறவில்லை என்றால் உணவில் எதை மாற்றுவது, கஞ்சி எவ்வளவு கெட்டி என்று செய்து காட்ட முடியுமா. கோடு பச்சைப் பட்டையில், அதாவது சரியான எடையில் இருந்தாலும் இரண்டு மாதம் ஏறாமல் நின்றால் கேட்டே ஆக வேண்டும். டீச்சருக்கு நேரமில்லை என்பார், உண்மையாகவே இருக்கும், பதிவேடும் செல்போன் பதிவும் அவர் தலையில்தான். அப்போது மாதம் ஒருமுறை நர்சம்மா அங்கன்வாடிக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குப் போங்கள். தொடர்ந்து பதிலே இல்லை என்றால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். பிரசவத்துக்கு அம்மா வீடு போகிறவர்கள் இங்கே சொல்லிவிட்டு, அட்டையோடு போய் அந்த ஊர் அங்கன்வாடியில் பதிந்துகொள்ளுங்கள்.